ஒரு முறை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தானா?

கேள்வி: எனக்கு 31 வயது. மூன்று வருஷத்துக்கு முன் முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தாள். வலி வந்து நாலு சென்டிமீட்டர் திறந்தது, அதற்கு மேல் ஆறு மணி நேரம் நகரவில்லை என்று ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஐந்தாம் நாள் பயங்கரமான தலைவலி. ஆஸ்பத்திரிக்கு போன் செய்தோம். தூக்கமில்லாததால் வருவது, ஓய்வெடுங்கள் என்றார்கள். மறுநாள் பார்வை மங்கியது. ஓடிப் போய்ப் பார்த்தால் பிபி 170/110. நாலு நாள் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது மறுபடி 14 வாரம். 'ஒரு தடவை சிசேரியன் என்றால் இனி எல்லாமே சிசேரியன்தான்' என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். இங்கே ஆஸ்பத்திரியில் பேசும் மொழி எனக்கு அவ்வளவாக வராது, கணவர்தான் பேசுகிறார். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாமா? கேட்டால் மருத்துவரை எதிர்த்துப் பேசுவது போல் ஆகிவிடாதா?

பதில்: சகோதரி, முயற்சி செய்யலாமா என்பதற்கு வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இப்போது நாள் குறைவாக இருக்கிறது.

போன முறை பிரசவத்துக்குப் பிறகு உங்களுக்கு வந்தது ப்ரீஎக்ளாம்ப்சியா போலத் தெரிகிறது. கர்ப்பத்தை ஒட்டி பிபி ஏறி, மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய் அது. குழந்தை பிறந்த பிறகும் அது வரும். ஒரு முறை வந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்திலும் வர வாய்ப்பு அதிகம். இதைக் குறைக்க ஓர் எளிய மருந்து இருக்கிறது: குறைந்த அளவு ஆஸ்பிரின். 12 வாரத்துக்குப் பிறகு, முடிந்தால் 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 37 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகும்படி ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்கள் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தார்கள். உங்களுக்கு 14 வாரம். அடுத்த மாதம் செக்கப் இருக்கிறதே, அப்போது கேட்கலாம் என்று விடாதீர்கள். 'போன பிரசவத்துக்குப் பிறகு பிபி 170/110 போய்ச் சேர்த்தார்கள், எனக்கு ஆஸ்பிரின் தேவையா?' என்று இந்த வாரமே கேளுங்கள். ஆஸ்பிரின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத சிலரும் உண்டு, அதனால் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அந்த முறை கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

'ஒரு தடவை சிசேரியன் என்றால் என்றும் சிசேரியன்' என்பது 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் சொன்னது. அன்றைக்கு அது நியாயமான எச்சரிக்கை. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பகுதியில், தடித்த தசையை நெடுக்காக வெட்டித்தான் குழந்தையை எடுத்தார்கள். அந்தத் தையல் அடுத்த பிரசவ வலியில் பிரிய நிறைய வாய்ப்பு இருந்தது. அதனால் முதல் சிசேரியனையே லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சக மருத்துவர்களுக்குச் சொன்னார் அவர். பின்னால் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறை பரவியது. அங்கே தசை மெல்லியது, தையல் நன்றாக ஆறும், அடுத்த வலியைத் தாங்கும். வெட்டு மாறி இத்தனை காலம் ஆகியும் அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது, உங்கள் கர்ப்பப்பையில் எந்த வெட்டு போட்டார்கள் என்பது. வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. தோலில் குறுக்காகவும் உள்ளே நெடுக்காகவும் இருக்கலாம். ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் 'எல்எஸ்சிஎஸ்' என்றோ, கீழ்ப்பகுதி குறுக்கு வெட்டு என்றோ எழுதியிருந்தால் நல்ல செய்தி. நெடுக்கு வெட்டு, டி வடிவ வெட்டு, வெட்டு மேலே நீண்டுவிட்டது என்று ஏதாவது இருந்தால் பிரசவ வலிக்கே விடக் கூடாது, சிசேரியன்தான் சரி. அப்புறம், இந்த முறை நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை மூடியிருந்தாலும் அதே பதில்தான்.

வெட்டு சரியாக இருந்தால் கணக்கு இப்படி. ஒரு சிசேரியனுக்குப் பிறகு முயற்சி செய்யும் 100 பேரில் 72 முதல் 75 பேர் சுகமாகப் பெறுகிறார்கள். முன்பே ஒரு சுகப்பிரசவமும் ஆகியிருந்தால் 85-இலிருந்து 90 வரை. போன முறை 'நகரவில்லை' என்று ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது கொஞ்சம் குறையும். பழைய தையல் பிரியும் ஆபத்து, தானாக வலி வந்தால் சுமார் 200 பேரில் ஒருவருக்கு. நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் அது 10,000-இல் இரண்டு பேருக்கும் குறைவு. பிரிந்துவிட்டால் அது உயிர்ப்பிரச்சினை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உடனே ஆபரேஷன் செய்யும் வசதி பக்கத்திலேயே இருந்தால் பெரும்பாலான தாய்களும் குழந்தைகளும் பிழைத்துவிடுகிறார்கள். ஆகவே 24 மணி நேரமும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் எல்லாம் தயாராக உள்ள ஆஸ்பத்திரியில்தான் இந்த முயற்சி. வீட்டிலோ சிறு மருத்துவ நிலையத்திலோ வேண்டவே வேண்டாம்.

மறுபடி சிசேரியனுக்கும் ஒரு விலை உண்டு. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, எனக்கு இதில் வருத்தம் அதிகம். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பின் மேல் ஒட்டி, பிரியாமல் பதிந்துவிடும் ஆபத்து ஏறுகிறது. நஞ்சு கீழே இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், முதல் சிசேரியன் செய்துகொள்பவர்களில் 100-க்கு 3 பேருக்கு அது பதிந்திருக்கும், இரண்டாவது சிசேரியனில் 11 பேருக்கு, மூன்றாவதில் 40 பேருக்கு. அப்படிப் பதிந்தால் பல நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். அதனால் 'இன்னும் எத்தனை குழந்தை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்காமல் இந்த முடிவை எடுக்கவே கூடாது. உங்களிடம் யாராவது கேட்டார்களா?

போன முறை நாலு சென்டிமீட்டரில் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷன் குறிப்பைப் பார்க்காமல், அன்றைக்கு அங்கே இருந்தவர்களை நான் தவறு சொல்ல முடியாது. குழந்தையின் இதயத்துடிப்பு போல வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் 'உன் உடம்புக்குப் பிரசவம் வராது' என்று நீங்கள் மனதில் போட்டுக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலின்படி, 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் பிரசவ வலி வேகமெடுக்கும் கட்டம் தொடங்குகிறது. அதற்கு முன் எவ்வளவு நேரம் ஆகும் என்று பெண்ணுக்குப் பெண் மாறும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய விதியையும் அதே வழிகாட்டுதல் கைவிட்டது. நாலில் மெதுவாக இருப்பதை மட்டும் வைத்து அது நின்றுபோன வலி என்று சொல்லிவிட முடியாது.

இரண்டு பிரசவத்துக்கும் நடுவே மூன்று வருஷம் இருப்பது உங்களுக்குச் சாதகம். ஒன்றரை வருஷத்துக்குள் என்றால் ஆபத்து கூடும். தானாக வலி வருவது எல்லாவற்றையும் விட நல்லது. மருந்து கொடுத்து வலி வரவழைத்தால் தையல் பிரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். வரவழைத்தே ஆக வேண்டுமென்றால் கர்ப்பப்பை வாயில் சிறு பலூன் வைத்துத் திறக்க வைப்பது மருந்தை விடப் பாதுகாப்பு. ஏற்கெனவே தையல் உள்ள கர்ப்பப்பைக்கு, வலி வரவழைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை ஆகாது. வலியின்போது குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் பிரிவதற்கான முதல் அறிகுறி பெரும்பாலும் அங்கேதான் தெரியும். முதுகில் போடும் வலி குறைக்கும் ஊசி உங்களுக்குத் தடை இல்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் 'எனக்குச் சிசேரியனே போதும்' என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் சரியான முடிவுதான். 39 வாரத்துக்கு முன் அவசரப்பட வேண்டாம், குழந்தைக்கு மூச்சுத் தொந்தரவு வரும். பிறந்தவுடன் குழந்தையை மார்பில் போடுவதும் தொப்புள்கொடியை ஒரு நிமிஷமாவது பொறுத்து வெட்டுவதும் ஆபரேஷன் டேபிளிலும் முடியும், கேளுங்கள். பிபி மறுபடி ஏறி முன்கூட்டியே பிரசவம் தேவைப்பட்டால் திட்டம் மாறலாம், அதற்கும் மனதைத் தயாராக வையுங்கள்.

இனி, எதிர்ப்பது போல் ஆகிவிடுமா என்ற பயம். பயப்படுகிற அளவுக்கு இது ஒன்றும் பெரிய துணிச்சல் இல்லை. 'எனக்கு எவ்வளவு வாய்ப்பு, எதனால் அப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது மருத்துவரின் வேலை.

எண்ணைச் சொன்னாலும், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். காரணம் சொல்கிறேன். சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவ வாய்ப்பைக் கணக்கிட அமெரிக்காவில் 2007-இல் ஒரு கணிப்பான் வந்தது. வயது, எடை, முந்தைய பிரசவங்கள் இவற்றோடு இனத்தையும் அதில் கேட்டார்கள். மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தாலும், கறுப்பினப் பெண் என்றோ லத்தீன் அமெரிக்க வம்சாவளி என்றோ குறித்த உடனே வாய்ப்பு குறைந்துவிடும். அந்தப் பெண்களின் கர்ப்பப்பையில் எந்த வித்தியாசமும் கிடையாது. அவர்களுக்குக் கிடைத்த கவனிப்பில் இருந்த வித்தியாசம் தரவுக்குள் போய், வாய்ப்பு குறைவு என்ற எண்ணாக வெளியே வந்தது. அந்த எண்ணைக் காட்டி, முயற்சி வேண்டாம் என்று சொன்னார்கள். 2021-இல் இனத்தை நீக்கிப் புதுக் கணிப்பான் வெளியிட்டார்கள், அதுவும் நன்றாகவே கணிக்கிறது. அப்படியென்றால் இனம் என்ற அந்தக் கட்டம் அத்தனை வருஷம் தேவையில்லாமலேயே இருந்திருக்கிறது.

உங்கள் தலைவலியைத் தூக்கமின்மை என்று ஒதுக்கியதும் இதே ரகம்தான்: எதிரில் இருக்கும் பெண்ணைச் சரியாகப் பார்க்காமலேயே முடிவு கட்டுவது. கறுப்பின அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-இல் சிசேரியனுக்குப் பிறகு மூச்சு முட்டுகிறது, நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கும், ஸ்கேன் எடுங்கள் என்று கேட்டதாகவும், வலி மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று முதலில் நினைத்தார்கள் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஸ்கேனில் கட்டிகள் இருந்தன. பணமும் புகழும் உள்ளவருக்கே இப்படி என்றால், மொழி தெரியாத ஒரு தாய் போனில் சொல்லும் தலைவலி எவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடப்படும் என்று நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார் பிரசவம் தொடர்பாக இறப்பது வெள்ளையினத் தாய்மாரை விடச் சுமார் மூன்று மடங்கு. படிப்போ வருமானமோ அந்த இடைவெளியை மூடுவதில்லை.

மொழிக்கு ஒன்று செய்யுங்கள். கணவர் கூட இருக்கட்டும், ஆனால் மொழிபெயர்ப்பு வேலையை அவரிடம் கொடுக்க வேண்டாம். உங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவர் பாதியை விழுங்குவார், கூச்சப்பட்டு நீங்கள் மீதியைச் சொல்ல மாட்டீர்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே கேளுங்கள், போனில் கிடைத்தாலும் போதும். 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை' என்று உங்கள் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். வலி நேரத்தில் இதைக் கேட்க உங்களுக்குத் தெம்பிருக்காது. பிரசவ அறையில் கணவரோ, அம்மாவோ, தோழியோ உங்களுக்குப் பிடித்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொடர்ந்து ஒருவர் துணை இருந்த பெண்களுக்குச் சிசேரியன் குறைவு, சுகப்பிரசவம் அதிகம். செலவே இல்லாத வைத்தியம் இது, இதற்கு அனுமதி இல்லை என்று சொல்லும் ஆஸ்பத்திரிகள் தங்கள் விதியை மாற்றியே ஆக வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகுதான் உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவேன். பிபி பெரும்பாலும் பிறந்த 3 முதல் 6 நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். அந்த நேரம் எல்லோரும் வீட்டுக்கு வந்திருப்பார்கள், கண்ணெல்லாம் குழந்தை மேல் இருக்கும். கையில் கட்டும் பிபி மெஷின் ஒன்று வீட்டில் இருக்கட்டும், காலை மாலை பாருங்கள். 140/90 தாண்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். 160/110 என்றால் போனில் பேசிக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவு. தலைவலி, பார்வை மங்கல், வலது விலாவுக்குக் கீழ் வலி, மூச்சு முட்டல், ஒரு காலில் மட்டும் வீக்கம், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சல், இவற்றில் எதுவானாலும் அப்படியே நேராக அவசரப் பிரிவுதான். போய் நின்றதும் முதல் வாக்கியம் 'எனக்குப் பிரசவமாகி இத்தனை நாள்' என்றிருக்க வேண்டும். ஒரு வருஷம் வரை எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள், பார்க்கிறவர் யோசிக்கும் விதமே மாறும்.

சுகப்பிரசவமானாலும் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் இருந்து, பிறகு இரண்டு மூன்று நாளுக்குள், ஒன்று இரண்டு வாரத்துக்குள், ஆறாவது வாரத்தில் என்று மூன்று முறையாவது தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. பிபி வரலாறு உள்ள உங்களுக்கு முதல் சந்திப்பைத் தவறவிடவே கூடாது, டிஸ்சார்ஜ் ஆகும்போதே தேதி வாங்கிவிடுங்கள்.

அந்தச் சந்திப்புகளில் உங்கள் மனதைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். போன முறை நடந்தது பயமாக உள்ளே தங்கியிருக்கலாம், இந்த முறை அது கிளறப்படலாம். முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம், தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், நான் நல்ல அம்மா இல்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தால் வெளியே சொல்லுங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அதே நிமிஷம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். இதற்குப் பேச்சு சிகிச்சை இருக்கிறது, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன.