நீடிலைத் தொடும் முன் – கடிதம்

வணக்கம் சார்,

மாதிரி விமானங்களில் மின்மோட்டார்கள் இவ்வளவு பெருகிய பிறகும் சிலர் ஏன் மெத்தனால் என்ஜினை விட மறுக்கிறார்கள் என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் இப்போது என் என்ஜினே என்னை விரட்டப் பார்க்கிறது.

மேலிறக்கை வைத்த பயிற்சி விமானம், 46 அளவு இரண்டு ஸ்ட்ரோக் க்ளோ என்ஜின். தரையில் அருமையாக ஓடுகிறது. மேலே போய்ப் பாதி டேங்க் தீர்ந்ததும், மூக்கைத் தூக்கினால் சத்தம் கூர்மையாகி அணைந்துவிடுகிறது. எரிபொருளைப் பற்றவைக்கும் ப்ளக்கை மூன்று முறை மாற்றிவிட்டேன். என்ஜினைத் தாங்கும் மவுண்ட்டின் போல்ட்டுகள் எத்தனை முறை இறுக்கினாலும் தளர்கின்றன. ஒரு நண்பர் ரப்பர் வாஷர் போடச் சொல்கிறார், இன்னொருவர் எரிபொருளில் கலக்கும் நைட்ரோமீத்தேனை, அதாவது நைட்ரோவைக், கூட்டச் சொல்கிறார். டேங்க் ஆடக்கூடாது என்று மரச்சட்டங்களுக்கு நடுவே இறுக்கிச் செருகியிருக்கிறேன். என்ஜின் சற்று வலப்பக்கம் கோணலாக இருந்தது. மவுண்ட்டுக்குப் பின்னால் இருந்த வாஷர்களை எடுத்துவிட்டு நேராக்கினேன். அப்போதிலிருந்து ஏறும்போது இடப்பக்கம் இழுக்கிறது. சில மாதம் சும்மா வைத்திருந்து எடுத்தால், கையால் சுற்றும்போது கரகரவென்கிறது. பேசாமல் பெட்ரோல் என்ஜினுக்கு மாறிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் ஏழெட்டுப் புகார்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான் என்று நினைக்கிறேன்: அதிர்வு. ப்ளக், எரிபொருள் அளவைத் திருகிச் சரிசெய்யும் நீடில், நைட்ரோ மூன்றும் என்ஜினுக்குள் நடப்பதைச் சேர்ந்தவை. உங்கள் தொல்லை அதற்கு வெளியே, என்ஜின் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆரம்பிக்கிறது. ஆனால் என்ஜின் அணைந்தால் எல்லோருடைய கையும் முதலில் நீடிலுக்குத்தான் போகும். அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, திருகுவதற்கு ஸ்பேனர் வேண்டாம், அவ்வளவுதான் காரணம்.

செய்ததையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், ப்ராப்பை, அதாவது ப்ரொப்பெல்லரைச், சமன் பார்த்ததாக மட்டும் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் என்ஜின், அதாவது 0.46 கன அங்குலம், ஏறக்குறைய 7.5 சிசி, நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 200 சுற்று. மையத்திலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி, ஓர் இதழில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை கூடுதலாக இருந்தால் போதும். அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட ஒரு கிலோ விசையாகி, ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க் ஷாஃப்ட்டை எல்லாத் திசையிலும் இழுக்கும். போல்ட் தளராமல் என்ன செய்யும்?

சமன் பார்க்கும் கருவியில் ப்ராப்பை மாட்டி, எந்த இதழ் கீழே இறங்குகிறதோ அதன் பின்பக்கத்தை நுனிப் பக்கமாக உப்புத்தாளால் தேயுங்கள். நடுக்குமிழில் கை வைக்காதீர்கள், அங்கே குறைத்தால் பலம் போய்விடும். நுனியில் கீறலோ வெடிப்போ இருந்தால் சமன் பார்க்கும் வேலையே வேண்டாம். அந்த ப்ராப்பை உடைத்துப் போடுங்கள். முழுசாக வைத்திருந்தால் அவசரத்துக்கு என்று என்றாவது ஒரு நாள் மாட்டிவிடுவோம்.

அடுத்தது மவுண்ட். அதைக் கழற்றிப் பின்னால் இருக்கும் ஃபயர்வாலை, அதாவது உடலின் முன்சுவரான ப்ளைவுட்டை, நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதிந்தால், எண்ணெய் குடித்து மரம் மெத்தென்றாகிவிட்டது. அப்படிப்பட்ட மரத்தில் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் மரம்தான் நசுங்கும், பிடி நிற்காது. அதிகம் ஊறாத பலகை என்றால் ஸ்பிரிட்டால் திரும்பத் திரும்பத் துடைத்து எண்ணெயை எடுத்துவிட்டு, நீர்த்த எபாக்சியை முகப்பிலும் போல்ட் துளைகளின் உட்சுவரிலும் பூசலாம். அந்த உட்சுவரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், எண்ணெய் நுழைவது அதன் வழியாகத்தான். ரொம்ப ஊறிவிட்டதென்றால் பலகையையே மாற்றுங்கள். பின்பக்கம் மரத்தில் பதியும் பிளைண்ட் நட், முன்பக்கம் அகலமான வாஷர், ஆலன் போல்ட், உலோகத்தோடு உலோகம் சேரும் மரையில் கழற்றக்கூடிய ரக த்ரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. அது போதும்.

போல்ட் நுழையும் என்ஜினின் நான்கு காதுகளும் மவுண்ட்டில் படிந்து உட்காருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இதைப் பார்க்கிறவர்கள் குறைவு. மூன்று போல்ட்டை இறுக்கிவிட்டு நான்காவது காதுக்கு அடியில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் நுழைந்தால் அந்த மூலை தூக்கி நிற்கிறது. அதை அப்படியே போல்ட்டால் இழுத்து அமுக்கினால் மவுண்ட்டோடு என்ஜினின் உலோக உடலான கிராங்க்கேஸும் முறுக்கிக்கொள்ளும். பேரிங்குகள் நேர்கோடு விலகும், பிஸ்டன் ஓடும் உட்குழாயான லைனரின் வட்டம் கெடும். நல்ல என்ஜின் சூடானதும் ஏன் சோர்கிறது என்று மாதக்கணக்கில் தேடுவார்கள். தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து மவுண்ட்டின் மேற்பரப்பைத் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ரப்பர் வாஷர் வேண்டாம். அதிர்வைத் தாங்கவென்றே வடிவமைத்த மென் மவுண்ட்டுகள் உண்டு, சத்தத்தைக் குறைக்க வான்சாகச விமானங்களில் பயன்படுத்துகிறார்கள். அது வேறு. சாதாரண மவுண்ட்டில் போல்ட்டுக்கு அடியில் ரப்பரைச் செருகினால் என்ஜின் தலையாட்ட ஆரம்பிக்கும், கார்புரேட்டரும் சேர்ந்து ஆடும். தவிர, எண்ணெயில் ரப்பர் உப்பிப்போகும்.

இனி அந்தக் கோணல். அதைக் கோணல் என்று எடுத்தீர்களே, அது வேண்டுமென்றே வைத்தது! பின்னாலிருந்து பார்த்தால் ப்ராப் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் உருட்டப் பார்க்கும். ப்ராப் தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுழன்றுபோய் வால் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் போனால் மூக்கு இடப்பக்கம்தானே திரும்பும். மூக்கைத் தூக்கி மெதுவாக ஏறும்போது இன்னொன்றும் சேர்கிறது: வலப்பக்கம் இறங்கும் இதழ், ஏறும் இதழைவிட அதிகமாக இழுக்கிறது. மூன்றும் ஒரே பக்கம் தள்ளுவதால்தான் என்ஜினை இரண்டு மூன்று டிகிரி வலப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். மேலிறக்கை விமானத்தில் த்ராட்டிலைக் கொடுத்ததும் மூக்கு மேலே கிளம்பும், அதற்காகச் சற்றுக் கீழ்நோக்கியும் சாய்ப்பார்கள்.

எடுத்த வாஷர்களைத் திரும்பப் போடுங்கள். வலச் சாய்வுக்கு, விமானி இருக்கையிலிருந்து பார்ப்பதுபோல் இடப்பக்கப் போல்ட்டுகளுக்குப் பின்னால். கீழ்ச் சாய்வுக்கு மேல் போல்ட்டுகளுக்குப் பின்னால். மவுண்ட் துளைகளுக்கு இடையே 50 மில்லிமீட்டர் என்றால், 2 டிகிரிக்கு ஏறக்குறைய 1.75 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும்.

இப்போது என்ஜின் அணையும் விஷயத்துக்கு வருவோம். டேங்க்கை மரத்தோடு மரமாக இறுக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். நொடிக்கு 200 முறை அதிரும் சட்டத்தில் டேங்க்கை நேரடியாகப் பிணைத்தால், உள்ளே எரிபொருள் மோர் கடைவதுபோல் நுரைக்கும். கார்புரேட்டருக்குக் குமிழிகள் போகும், கலவை மெலியும். சத்தம் கூர்மையாகி அணைவது மெலிந்த கலவையின் அடையாளம். டேங்க் மரத்தைத் தொடவே கூடாது. சுற்றிலும் மெல்லிய ஸ்பாஞ்சைச் சுற்றி, தளர்வாக, ஆனால் நகராதபடி வையுங்கள். டேங்க்கின் நடுக்கோடு நீடில் மட்டத்திலோ அதற்கு அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் கீழேயோ இருக்கட்டும்.

பாதி டேங்க் தீர்ந்த பிறகுதான் வருகிறது என்பதால் இன்னொரு சந்தேகமும் உண்டு. உள்ளே எரிபொருளை உறிஞ்சும் ரப்பர் குழாயின் நுனியில் தொங்கும் எடைக்குண்டு எப்போதாவது மூக்குக் குத்தி இறங்கியபோது முன்பக்கம் மடிந்து மாட்டிக்கொண்டிருக்கலாம். டேங்க் நிறைந்திருக்கும்வரை தெரியாது. பாதியானதும் மூக்கைத் தூக்கினால் எரிபொருள் பின்னால் போய்விடும், குழாய் காற்றை உறிஞ்சும். கழற்றிக் குலுக்கினால் குண்டு தாராளமாக ஆடும் சத்தம் கேட்க வேண்டும், ஆனால் பின்சுவரில் உரசக்கூடாது. அந்தக் குழாயையும் மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை ஒன்று போதும், ஒரு நாள் முழுக்க வீணாக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நீடில். முழு த்ராட்டிலில் உச்ச வேகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நிமிடத்துக்கு 300 சுற்று குறையும்வரை திறந்து கலவையைச் செறிவாக்குங்கள். பிறகு ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கட்டும். வேகம் சற்றே கூடி நின்றால் சரி. பத்து நொடிக்குள் தொய்ந்தால் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். இதைச் செய்யும்போது ப்ராப்பின் சுழல்தளத்தில், அதாவது அதன் பக்கவாட்டுக் கோட்டில், யாரும் நிற்கக்கூடாது. நீடிலை ப்ராப்புக்குப் பின்னாலிருந்து திருகுங்கள். மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று ப்ளக் போனதற்கும் பெரும்பாலும் மெலிந்த கலவைதான் காரணம். க்ளோ ப்ளக்கை ரே ஆர்டன் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் பெரும்பாலும் இந்தச் சிறு என்ஜின்களுக்குக்கூடக் காயிலும் பேட்டரியும் சுமக்க வேண்டியிருந்தது. ப்ளக்கில் இருக்கும் பிளாட்டினக் கம்பி, மெத்தனால் ஆவி எரிவதைத் தூண்டும் வினையூக்கியாக இருப்பதால், பேட்டரியை எடுத்த பிறகும் சிவந்தே இருக்கிறது. கலவை மெலிந்து சூடு ஏறினால் அந்தக் கம்பி நெளிந்து அறுந்துபோகும். நைட்ரோவைக் கூட்டினால் ஐட்லிங் நிதானமாகும், கொஞ்சம் பலம் கூடும். ஆனால் எரிதல் முந்திக்கொண்டு ப்ளக்குக்குக் கூடுதல் தொல்லைதான். இப்போதைக்கு அந்த நண்பரின் யோசனையைத் தள்ளிவையுங்கள்.

கரகரப்பு மட்டும் தனிக் கதை. மெத்தனால் ஈரத்தை இழுக்கும். நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலமாகும். இரண்டும் சேர்ந்து, சும்மா கிடக்கும் மாதங்களில் பேரிங்கைத் தின்னும். அன்றைய கடைசி ஓட்டத்தில் எரிபொருள் குழாயை நசுக்கிப் பிடித்து, உள்ளே இருப்பது முழுக்க எரிந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிறகு கார்புரேட்டர் வழியாகவும் ப்ளக் துளை வழியாகவும் சில சொட்டு பாதுகாப்பு எண்ணெய் விட்டுச் சுற்றிவையுங்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் கிளம்பும் அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுவோம்.

சில சமயம் கரகரப்பு இல்லாமல் என்ஜின் இறுகி நிற்கும். அது எரிபொருளில் கலந்திருக்கும் விளக்கெண்ணெய் உறைந்து பிசினானது. ப்ராப்பைப் பிடித்து முறுக்காதீர்கள், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஹேர் டிரையரால் சூடேற்றினால் தானே இளகும். உங்களுடையது கரகரப்புதான் என்பதால் பேரிங் மாற்ற வேண்டியிருக்கும். கிராங்க்கேஸை அடுப்பில் 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி மரக்கட்டையில் தட்டினால் பழையது விழுந்துவிடும். லைனரை எடுக்கும் முன் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சியில் இறுகுவதைப் பார்த்து அதைத் தேய்க்கவும் போகாதீர்கள். பிஸ்டனில் மோதிரம் (ரிங்) இல்லாத இந்த வகை என்ஜின்களில் லைனர் மேலே சற்றுக் குறுகலாகத்தான் இருக்கும், சூடானதும் விரிந்து சரியாகிவிடும்.

பெட்ரோலுக்கு மாறலாமா என்றால், இந்த விமானத்துக்கு வேண்டாம். இக்னிஷன் பெட்டியும் அதற்கொரு பேட்டரியும் மூக்கில் ஏறும், சிலிக்கோன் குழாய் பெட்ரோலில் உப்பிப்போகும் என்பதால் குழாய்களை எல்லாம் மாற்ற வேண்டும், அதிர்வும் குறையப்போவதில்லை. பெரிய விமானம் கட்டும்போது யோசியுங்கள், அங்கே எரிபொருள் செலவில் நிஜமான லாபம் உண்டு. முதலில் ப்ராப்பையும் டேங்க்கையும் மட்டும் சரிசெய்து, நீடிலை இப்போது இருக்கும் இடத்திலேயே விட்டு ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள். என்ன ஆனது என்று எழுதுங்கள்.

அன்புடன்