நிரல் எழுதத் தெரிந்த மாணவர்கள் பிசிஇபி மாதிரித் தேர்வில் ஏன் தடுமாறுகிறார்கள்?

பைத்தான் மொழிக்கான தொடக்கநிலைச் சான்றிதழ்த் தேர்வான பிசிஇபி, 40 நிமிடங்களில் 30 வினாக்களுக்கு விடை கேட்கிறது. தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். வகுப்பில் நிரலை இயக்கிப் பார்த்துப் பிழை வந்த இடத்தில் திருத்தியே பழகிய மாணவருக்கு, ஏற்கெனவே எழுதப்பட்ட சில வரிகளைப் படித்து வெளியீட்டைச் சொல்வது தனித் திறன் என்பதே தெரிந்திருக்காது. தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

எனவே, கணினியை அணைத்துவிட்டுத் தாளில் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி வரைந்து, மடக்கின் (loop) ஒவ்வொரு சுற்றிலும் அதன் மதிப்பு எப்படி மாறுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். 2 ** 3 ** 2 என்பதற்கு 64 என்று எழுதுபவர் இடமிருந்து வலமாகக் கணக்கிடுகிறார். அடுக்குக்குறியான ** வலப்புறத்திலிருந்து செயல்படுவதால் விடை 512. அதேபோல் -7 // 2 என்பதன் விடை -3 அன்று, -4. ஏனெனில் இந்த வகுத்தல் ஈவைச் சுழியத்தை நோக்கி வெட்டாமல் கீழ்நோக்கி முழுமையாக்குகிறது. இத்தகைய இடங்களில் விடையைச் சொல்வதற்கு முன், தன் விடைக்கான காரணத்தை மாணவர் எழுத வேண்டும் (இதில் நேரம் கரையும், கரையட்டும்).

பட்டியலை வேறொரு பெயருக்கு ஒதுக்கினால் நகல் உருவாவதில்லை என்பதையும் படம் வரைந்தே காட்டுங்கள். நிரல் இயங்கும்போது எழும் பிழைகளைச் சமாளிக்கும் விதிவிலக்குக் கையாளுதலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கும் பழக்கம் ஆசிரியர்களிடம் உண்டு; பாடத்திட்டத்தில் செயற்கூறுகளோடு (functions) சேர்த்து அதற்குக் கணிசமான பங்கு இருப்பதால், அது தவறான சிக்கனம். நேரம் குறித்த மாதிரித் தேர்வுகளை இவையெல்லாம் கைவந்த பிறகே தொடங்கலாம்.