பெண்பிள்ளைகள் இப்போது நன்றாகப் படிப்பதற்குப் பள்ளிகள் மட்டும்தான் காரணமா?

இல்லை. நீங்கள் ஆசிரியராகவோ, மகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோராகவோ இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆசிரியர்களைக் குறைத்துப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு வாய்த்த கணக்கு டீச்சர் அருமையானவர். ஆனால் ஏழாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் அதே டீச்சர்தான். ஏழாம் வகுப்பில் தட்டுத்தடுமாறித் தேறினேன், பத்தில் கணக்கில் பள்ளியிலேயே முதலிடம். நடுவில் மாறியது எங்கள் வீடு.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பாவுக்கு வேலை போனது. பன்னிரண்டாவது முடித்துப் பதினைந்து வருடமாக வீட்டோடு இருந்த அம்மா, ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வாரமே ஒரு ராத்திரி என் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்தச் சதவீதக் கணக்கை எனக்கு ஒரு தடவை சொல்லிக் குடுடீ. ஆபீஸ்ல தள்ளுபடி கழிச்சுக் காட்டச் சொல்றாங்க, எனக்கு மறந்தே போச்சு." நூறால் பெருக்குவதா வகுப்பதா என்று எனக்கே சந்தேகம் வந்து முன்பக்கங்களைப் புரட்டினேன். மறுநாள் செருப்பைக் கழற்றும்போதே, "நீ சொன்னது சரியா வந்துச்சு" என்றார். புத்தகத்தில் கிடந்த கணக்கு ஒருவருக்குச் சம்பளம் வாங்கித் தரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை பெரியவளானதும் என்ன ஆவாய் என்று கேட்டால் "டீச்சர்" என்பேன். வேறு வேலைக்குப் போகும் பெண் யாரையும் நான் கிட்டத்தில் பார்த்ததில்லை.

அம்மா வேலைக்குப் போனால் மகள் தானாகப் படித்துவிடுவாள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் ஆறு மாதம் என் மார்க் இறங்கியது. பாத்திரம், துணி, தம்பியைக் கிளப்புவது எல்லாம் என் தலையில் விழுந்தது. தம்பி என்னைவிட ஒரு வயதுதான் சின்னவன். அவனை யாரும் ஒரு டம்ளர் கழுவச் சொன்னதில்லை. அரையாண்டு மார்க் அட்டையைக் கையெழுத்துக்கு நீட்டியபோது அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் எழுந்து வந்தபோது அடுப்படியில் அவர் நின்றிருந்தார். சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். வேலை போன மனிதருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. அவர் விடவில்லை, தம்பியையும் சேர்த்துக்கொண்டார். எனக்குக் காலையில் ஒன்றரை மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மிஞ்சியது. அந்த முதலிடம் இந்த இரண்டரை மணி நேரத்தில் வந்தது.

ஒரு வீட்டுக் கதையை வைத்து உலகத்துக்கே நியாயம் சொல்கிறாயே என்று சிலர் கேட்பீர்கள். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் கிராம ஊராட்சித் தலைவர் பதவிகளில் ஒரு பகுதி பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது. எஸ்தர் டஃப்லோவும் அவருடைய சக பொருளாதார அறிஞர்களும் அங்கே 495 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. இரண்டு தேர்தல்களில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், வளரிளம் பருவப் பையன்களின் ஆசைகளுக்கும் பெண்களின் ஆசைகளுக்கும் இருந்த இடைவெளி 32% குறைந்திருந்தது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தேவிட்டது. பெண்பிள்ளைகள் வீட்டுவேலைக்குச் செலவிடும் நேரமும் குறைந்தது. இத்தனைக்கும் இளம்பெண்களுக்கு அங்கே வேலைவாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை. தலைவர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்கப் பெண்களைப் பற்றிச் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. 35 வயதில் வேலையில் இருப்பாயா என்று 1960களின் கடைசியில் இளம்பெண்களைக் கேட்டபோது ஆம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். பத்தே ஆண்டுகளில் அது 80% அளவுக்கு ஏறியது. முன்னவர்கள் தங்கள் அம்மாக்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அதற்கேற்பப் படிப்பைச் சுருக்கிக்கொண்டார்கள். அவர்களில் மிகப் பலர் பிறகு வேலைக்குப் போகத்தான் செய்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லையென்றாலும். பத்தாம் வகுப்பில் நான் இரண்டே மாதம் போன டியூஷன் சென்டர் ஒன்று, ரிசல்ட் வந்ததும் என் போட்டோவைப் பெரிய பேனரில் போட்டு "எங்கள் மாணவி" என்று கட்டியது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. அம்மாவே நேரில் போய் எடுக்கச் சொன்னார். "உங்களுக்கும் பெருமைதானேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருட ரிசல்ட் வரும்வரை அது அங்கேயே தொங்கியது. ராத்திரி என்னோடு சேர்ந்து கணக்குப் போட்ட அம்மாவும், விடியற்காலையில் எழுந்த அப்பாவும் அந்த பேனரைத் தாண்டித்தான் தினமும் போனார்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் வீட்டில் மகள் இருந்தால், சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரே ஒரு வாரம் எழுதிவையுங்கள். மகன் இருந்தால் அவன் பெயருக்கும் ஒரு பத்தி விடுங்கள்.