பத்தாம் வகுப்பு மகள் காதலிக்கிறாள், பள்ளியை நிறுத்தலாமா?

மகளுக்கு 16 வயது, உடன் படிக்கும் பையனைக் காதலிக்கிறாள், கைப்பேசியைப் பிடுங்கிப் படிப்பை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். படிப்புதான் பாழாகும், காதல் இன்னும் இறுகும்.

கட்டுப்பாடு வைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் என்பது வீட்டுக்குத் தெரிய வேண்டும். தனியறைச் சந்திப்பும் அந்தரங்கப் படங்கள் அனுப்புவதும் கூடாது. காரணத்தையும் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் பாலியல் உறவுக்குத் தரும் சம்மதம் செல்லாது. அதற்கு முன் வரம்பு 16. வழக்கு என்று வந்தால் பையனோடு உங்கள் மகளும் மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம் என்று அலைவாள். கோபம் தணிந்தபின் நீங்களாக அதைத் திரும்பப் பெற முடியாது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்கு ஒன்றை ரத்து செய்தது உண்மைதான், ஆனால் எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை.

மிரட்டல் இருந்தாலோ, அவன் வயதில் மிக மூத்தவனாக இருந்தாலோ தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

அவசரக் கல்யாண யோசனையோடு உறவினர் யாராவது வருவார்கள். 18க்கு முன் அது குழந்தைத் திருமணம். முதலில் சிக்குவது பெற்றோர்தான்.