கராஜுக்குள் இருந்தால் எதுவும் கேட்காதா?

வணக்கம் அம்மா,

லெஸ்டரில் இருக்கிறேன், வயது 52. மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மூன்று கிழமைக்கு ஒருமுறை கீமோ நடக்கிறது. கராஜில் 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரையில்லாத பழைய கார் ஒன்று நிற்கிறது. "அவருக்குக் கார்தான் பெண்சாதி" என்று வீட்டில் பேசுகிறார்கள்.

மச்சாள், மனைவியின் அக்கா, வந்து நின்று சமைக்கிறார். நான் சாப்பிட உட்கார்ந்தால் முகத்தைத் திருப்புகிறார். முந்திச் சமையல், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தது நான்தான். அதை ஒருவரும் பேசுவதில்லை.

கிளட்ச் மாற்றத்தான் தொடங்கினேன். எம்ஜிபியில் இஞ்சினை வெளியே எடுக்காமல் கிளட்சைத் தொட முடியாது. சொன்னால் இவர்களுக்கு விளங்காது. இஞ்சின் வெளியே வந்ததும் கையோடு முன்சக்கரம் திரும்புகிற கிங்பின்னைப் பார்த்தேன், தேய்ந்திருந்தது. ஆபரேஷன் நடந்த கிழமை, கதவுக்குக் கீழே உள்ள சில் தகட்டைக் குத்திப் பார்த்தேன். ஸ்க்ரூட்ரைவர் உள்ளே போய்விட்டது. இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தேன். இனி அரைகுறையாக விட்டால் கார் வீணாகிவிடும் அல்லவா?

மச்சாள் இப்போதும் குத்திக்காட்டுவது ஒரு இரவை. மனைவிக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டாராம். இரும்பு வெட்டுகிற கிரைண்டர் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் அக்காவுக்குப் போன் பண்ண, அக்கா வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கேட்காதது என் குற்றமா? மகளும் பெரியம்மா பக்கம்தான்.

நான் பொறுப்பில்லாதவனாம். அன்றைக்குக்கூட இஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து கொடுக்கிற இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் பிரித்து, ஒன்றின் பிஸ்டன் மற்றதன் சேம்பருக்குள் மாறிப்போகாமல் தனித்தனியாக வைத்து, நள்ளிரவு வரை பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தேன். இப்படி வேலை செய்கிறவனை அப்படிச் சொன்னால் மனம் நோகாதா? மச்சாளை எப்படிச் சமாளிப்பது?

*

தம்பி,

மச்சாளைப் பிறகு பார்ப்போம். அன்றைக்கு நள்ளிரவு வரை கார்புரேட்டர் கழுவினேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கிரைண்டர் எதற்கு? மேசையில் வைத்துச் செய்கிற வேலை அது. கழுவிய பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். அந்தச் சின்னச் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் எங்கும் ஒட்டவில்லை என்று தெரிந்துகொள்வீர்கள். அது கேட்ட காதுக்கு மனைவியின் குரல் கேட்கவில்லை என்கிறீர்கள்.

கேட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். அன்பில்லாமல் இருந்துவிட்டீர்கள் என்று சொல்லமாட்டேன். படியேறினால் எதைப் பார்க்க வேண்டிவருமோ என்று உடம்பு எழும்ப மறுத்திருக்கிறது. பயம் விளங்குகிறது. ஆனால் அந்த அறையில் தனியாகக் கிடந்தவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். அவருக்கு ஒளிந்துகொள்ளக் கராஜ் இல்லை.

கீமோ காலத்துக் காய்ச்சல் நாம் வழமையாகப் பார்க்கிற காய்ச்சல் இல்லை. மருந்து ஏறி 7 முதல் 14 நாளுக்குள் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். 38 பாகையைத் தொட்டாலோ, காய்ச்சலே இல்லாமல் நடுங்கினாலோ, ஆஸ்பத்திரி தந்த கீமோ அட்டையில் இருக்கும் 24 மணிநேரத் தொலைபேசி இலக்கத்துக்கு உடனே எடுக்க வேண்டும். பரசிட்டமோல் கொடுத்துப் பார்ப்போம் என்று இருந்தால் காய்ச்சல் மட்டும் மறையும், கிருமி உள்ளே பரவும். மச்சாள் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால்? இவ்வளவு எழுதிய நீங்கள் அதை மட்டும் எழுதவில்லை.

காரிலும் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. கூரையில்லாத எம்ஜிபிக்கு உறுதியே அந்தச் சில் தகடுகள்தான். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வெல்ட் பண்ணி, ஒரு பக்கத்தை வெட்டி முடித்து, கதவை மாட்டி இடைவெளி பார்த்த பிறகே மறுபக்கத்தைத் தொடுவார்கள். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, கதவு பிறகு பூட்டாது. பிஸ்டன் மாறக்கூடாது என்று பார்க்கிற ஆள் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெட்டியிருக்கிறார், அதுவும் ஆபரேஷன் நடந்த கிழமையில். வேலை முடிந்துவிட்டால் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கார் வீணாகாது. வாசல்களுக்குச் சட்டம் அடியுங்கள், டாங்கில் பெட்ரோல் இருந்தால் வடித்துவிடுங்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் இஞ்சின் ஆயில் ஊற்றி, இஞ்சினில் திறந்திருக்கும் வாய்களை அடைத்து மூடுங்கள். ஒரு வருஷம் நின்றாலும் ஒன்றும் ஆகாது.

பிறகு குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு மேலே போங்கள். கீமோ எடுப்பவருக்குப் பெட்ரோல் வாடையே குமட்டும். அன்றைக்குக் கூப்பிட்டது கேட்டது என்று மனைவியிடம் சொல்லுங்கள். கிளட்ச் கதை வேண்டாம். அவர் கோபப்பட்டால் எழும்பி வராமல் இருங்கள். அடுத்த கீமோ எந்தத் திகதி என்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. அதையும் அவரிடமே கேளுங்கள், மகளிடம் வேண்டாம். அந்த நாளிலிருந்து இரண்டு கிழமைக்குக் கராஜ் பூட்டிக் கிடக்கட்டும்.