வெளிக்காயமே இல்லை, வீடெல்லாம் ரத்தம்: அல்சர்தான் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

மேலூர்ப் பக்கம் தனியாக இருந்த உங்கள் சித்தப்பா ரத்தத்துக்கு நடுவே இறந்து கிடந்தார், உடம்பில் காயமில்லை, போஸ்ட்மார்ட்டத்தில் அல்சர் என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவன் நான். நீங்கள் சந்தேகப்படுவது நியாயம்தான். இப்படிப்பட்ட வீட்டைப் பார்த்தால் போலீஸுக்கே முதலில் அடிதடிதான் தோன்றும்.

ரத்தம் நிறையப் போன உடம்பு வெளுத்திருக்கும். இறந்தபின் முதுகுப் பக்கம் படியும் கருஞ்சிவப்பு நிறம் மங்கலாகத்தான் தெரியும். இதயத்தின் இடது கீழறை உட்சுவரில் கீற்றுக்கீற்றாக ரத்தக் கசிவு இருக்கலாம். இரைப்பையில் கட்டிகட்டியாக ரத்தம், குடலில் தார் மாதிரி கறுப்பு மலம். ஆனால் இதெல்லாம் போதாது. டிபி நுரையீரலிலிருந்து வந்த ரத்தத்தை விழுங்கியிருந்தாலும் இரைப்பை நிறையும். குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம். இறந்தபின் அது சுருங்கிவிடுவதால் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் நுரையீரல், ஈரல், உணவுக்குழாய் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

முடிவு சொல்வது அல்சர் புண்ணின் அடித்தளம். உறைந்த ரத்தத்தை மெதுவாகக் கழுவினால், அங்கே வாய் திறந்த ரத்தக்குழாய் தெரியும். இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலின் பின்சுவரில் புண் இருந்தால், அதை ஒட்டியே பெரிய தமனி ஒன்று ஓடுகிறது. புண் அதை அரித்துவிடும். நாள்பட்ட புண்ணைச் சுற்றித் தழும்பு இறுகியிருப்பதால் குழாய் சுருங்கி அடைபட முடியாது. முன்சுவர்ப் புண் பெரும்பாலும் ஓட்டை விழும், இவ்வளவு ரத்தம் கொட்டாது. உங்கள் அறிக்கையில் புண்ணின் இடம், அளவு, அரிபட்ட ரத்தக்குழாய் ஆகிய மூன்றும் எழுதியிருந்தால் தாராளமாக நம்பலாம். விஷமா என்ற கேள்விக்கு விசரா ரிப்போர்ட், அதாவது உள்ளுறுப்புகளை லேபில் சோதித்துத் தரும் அறிக்கை, பதில் சொல்லும்.

அவர் மூட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாரா? அந்த மாத்திரைகள் இரைப்பையின் காப்புச் சவ்வைப் பலவீனப்படுத்தும். வலியையும் அமுக்குவதால் ரத்தம் கொட்டும் வரை புண் இருப்பதே தெரியாமல் போகலாம். இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். 50 முதல் 100 மில்லி ரத்தம் கசிந்தாலே மலம் கறுத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும்தான். ஆனால் நம் ஊரில் ‘கருப்பா வெளிக்குப் போகுது’ என்றால் உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் தாங்க முடியாத வருத்தம்.

விசரா ரிப்போர்ட் வந்ததும், பரிசோதனை செய்த மருத்துவரை நேரில் போய்க் கேளுங்கள். வீட்டில் கிடக்கும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.