பென்னி விசிலைக் கோணலாகப் பிடித்தவர்கள்

“ஆப்பிரிக்கப் பென்னி விசில் இசையைக் கேட்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? முன்னோடிகள் யார் யார்?” என்பது கேள்வி. பென்னி விசில் என்கிற தகரக் குழல் ஒன்றை வாங்கி நான்கு மாதம் வீட்டாரின் பொறுமையைச் சோதித்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

‘டாம் ஹார்க்’ என்ற இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். 1956இல் தென்னாப்பிரிக்காவில் பதிவானது. வாசித்த குழுவின் பெயர் ‘எலியாஸ் அண்ட் ஹிஸ் ஸிக்ஸாக் ஜைவ் ஃப்ளூட்ஸ்’. எடுத்த எடுப்பில் குழல் வராது, பேச்சுக்குரல்தான் வரும். அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். தெருவோரத்தில் பகடை உருட்டிச் சூதாடும் இளைஞர்கள் பேசிக்கொள்கிறார்கள். போலீஸ் வண்டி வருகிறது என்று எச்சரிக்கை. பகடை மறைகிறது, குழல்கள் வெளியே வருகின்றன, ஒன்றும் அறியாத பிள்ளைகளைப் போல ஊத ஆரம்பிக்கிறார்கள். நகர்ப்புறக் கறுப்பின மக்கள் அந்தப் போலீஸ் வண்டிக்கு வைத்திருந்த பெயர் ‘க்வேலா க்வேலா’. சூலு மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘ஏறு’ என்று பொருள். இந்த இசைக்கும் க்வேலா என்றே பெயர். வண்டியிலிருந்து வந்தது என்பார் சிலர். ‘நீயும் எழுந்து வந்து ஆடு’ என்ற அழைப்பிலிருந்து வந்தது என்பார் சிலர். அந்த இசைத்தட்டைக் கேட்டுவிட்டால் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தோன்றாது.

இனி குழலுக்கு வருவோம். ஆறு துளை, ஒரு ஊதுவாய். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் தொங்கும் விளையாட்டுக் குழலுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதட்டில் வைத்து ஊதினால் யார் ஊதினாலும் சத்தம் வரும். அதுதான் அதன் குறையும். ஊதுவாய்க்குச் சற்றுக் கீழே மேல்புறம் ஒரு சிறு திறப்பு இருக்கும். காற்று அதன் விளிம்பில் மோதி ஒலியாகிறது. அந்தத் திறப்பு வெளியே இருக்கும்வரை ஒலியின் தடிப்பு உங்கள் கையில் இல்லை. ஜோகன்னஸ்பர்க் பையன்கள் கண்டுபிடித்த தந்திரம் இதுதான்: குழலைப் பக்கவாட்டில் சாய்த்து, கொஞ்சம் திருப்பி, வாய்க்குள் ஆழமாகத் தள்ளினார்கள். உதடு அந்தத் திறப்பை ஓரளவு மூடியது. கீச்சென்ற ஒலி தடித்தது. சுருதியை வளைக்க முடிந்தது. இதோடு விரலால் துளையைப் பாதி மூடும் வித்தையும் சேர, தகரக் குழல் கிட்டத்தட்ட சாக்ஸஃபோனைப் போலப் பேச ஆரம்பித்துவிட்டது. அவர்கள் காதில் அமெரிக்க ஸ்விங் வகை ஜாஸ் இசைத்தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. சாக்ஸஃபோன் வாங்கக் காசில்லை, குழல் வாங்க இருந்தது.

சொல்வது எளிது. நான் முதல்முறை அப்படிச் சாய்த்து ஊதியபோது வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தன.

இந்தப் பிடிக்கு வழிகாட்டி என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ரா குடியிருப்பைச் சேர்ந்த வில்லார்ட் செலே. 1951இல் வந்த ‘தி மேஜிக் கார்டன்’ திரைப்படத்தில் இவர் குழல் வாசித்தார். அதைப் பார்த்த தெருப் பிள்ளைகள் அவரைப் போலவே குழலைத் திருப்பிப் பிடிக்கத் தொடங்கினார்கள். செலே இளம் வயதிலேயே இறந்துவிட்டார். பதிவுகளும் மிகக் குறைவு.

என்னைக் கேட்டால் இந்த வாத்தியத்தின் உண்மையான மேதை ஸ்போக்ஸ் மாஷியானே. 1933இல் பிரிட்டோரியா அருகே பிறந்தவர். மாடு மேய்த்த வயதில் நாணல் குழல் ஊதியவர். பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டு வேலை, ஓய்வு நேரத்தில் தெருவில் வாசிப்பு. 1954இல் ‘ஏஸ் புளூஸ்’ என்ற அவருடைய முதல் இசைத்தட்டு வந்ததும் நாடு முழுக்கக் குழல் பித்துப் பிடித்தது. பின்னால் கிதார் மூன்றே மூன்று கார்டுகளை (சுரக்கூட்டுகளை) செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வரும். மேலே ஸ்போக்ஸ் ஒரு சிறு சொற்றொடரை எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரத்தை இழுத்து, ஒரு சுரத்தை விழுங்கி, தாளத்துக்கு ஒரு இம்மி பின்னால் நடந்து வருவார். முதல் தடவை கேட்கும்போது எல்லாச் சுற்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மூன்றாவது தடவை கேளுங்கள், எதுவும் ஒன்றுபோல இருக்காது.

பணக் கதையையும் சொல்லியாக வேண்டும். ‘டாம் ஹார்க்’ 1958இல் பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. பாட்டை இயற்றியவர் என்று தட்டில் அச்சானது தயாரிப்பாளர் ரூபர்ட் போபாபேயின் பெயர். வாசித்த ஜேக் லெரோலே, அவருடைய சகோதரர் எலியாஸ் முதலியோருக்குக் கிடைத்தது பதிவுக்கான சொற்பக் கூலி. அந்தக் காலத்தில் எல்லாரையும் அப்படித்தான் நடத்தினார்கள். ஸ்போக்ஸ் அதே 1958இல் கல்லோ இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறியபோது, விற்பனையில் பங்கு தரும் ராயல்டி ஒப்பந்தம் பெற்றார். அதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே என்று கூறப்படுகிறது. ‘டாம் ஹார்க்’ மெட்டு இன்றும் இங்கிலாந்துக் கால்பந்து மைதானங்களில் கோல் விழுந்தால் ஒலிக்கிறது. கூடவே கத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு லெரோலேயின் பெயர் தெரியும்?

லெம்மி மபாசோவையும் தேடிக் கேளுங்கள். சிறுவனாகவே புகழ் பெற்றவர். 1959இல் அரங்கேறிய ‘கிங் காங்’ இசை நாடகத்தில் வாசித்து, அதோடு 1961இல் லண்டன் வரை போனவர்.

பத்தாண்டுக்குள் அலை ஓய்ந்தது. ஸ்போக்ஸே 1958இல் ‘பிக் ஜோ ஸ்பெஷல்’ தட்டில் சாக்ஸஃபோனைக் கையில் எடுத்தார், அது நன்றாக விற்றது, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். குழலுக்கு ஏங்குகிற எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு, ஆனால் சாக்ஸஃபோனுக்காகவே ஏங்கிக் குழல் ஊதியவர்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? ஸ்போக்ஸ் 1972இல், நாற்பது வயதை எட்டும் முன்பே இறந்தார்.

அதற்குள் க்வேலா எல்லை தாண்டிவிட்டிருந்தது. மலாவியில் டொனால்ட் கச்சம்பா குழலும், அவருடைய அண்ணன் டேனியல் கிதாருமாக வாசித்தார்கள். ஆஸ்திரிய ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக் அவர்களைப் பதிவு செய்ததோடு நிற்காமல் கிளாரினெட்டுடன் குழுவிலேயே சேர்ந்துவிட்டார். தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டு ஒற்றைக் கம்பி கட்டிய பாஸ் வாத்தியத்தின் அதிர்வுக்காகவே அந்தப் பதிவுகளைக் கேட்கலாம்.

கடைசியாக, கேட்டுவிட்டு குழல் வாங்கும் ஆசை வந்தால்: கடைக்காரர் பழக்கத்தில் டி சுருதிக் குழலைத்தான் நீட்டுவார். பி ஃபிளாட் அல்லது ஜி கேளுங்கள். பழைய க்வேலாக்காரர்கள் பெரும்பாலும் வாசித்தவை அவைதாம். துடைக்க ஒரு துணியும் வைத்துக்கொள்ளுங்கள்.